கொங்கு மண் தந்த தீனார்கள்

கோவை உக்கடத்தில் நகரப் பேருந்து ஏறிப் போத்தனூர் வழியாகச் சென்றால் சிறிது நேரத்தில் வெள்ளலூர் வந்துவிடும். இன்று இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் கோவை மக்களின் நினைவுக்கு வருவது மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாட்களில் போத்தனூர்வாசிகள் சன்னல்களைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆனால் கடல் கடந்த நாடுகளில் பழங்காசுகளை ஆராய்வோர் எழுதிய நூல்களில் வெள்ளலூர் வேறொரு காரணத்தால் இடம்பெற்றிருக்கிறது. நொய்யல் கரையிலுள்ள இந்த ஊரின் மண்ணிலிருந்து 1842ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. 1891இல் மீண்டும் ஒரு குவியல் வெளிப்பட்டது. 1931இல் மேலும் 121 காசுகள் கிடைத்தன.

சென்ற விடுமுறையில் இந்தக் காசுகள் கிடைத்த ஊர்களை ஒரு முறை கண்ணால் பார்த்து வரலாம் என்று புறப்பட்டேன். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று முன்னரே சொல்லிவிடுகிறேன். காசு கிடைத்த இடத்தில் கல்வெட்டோ அறிவிப்புப் பலகையோ என் கண்ணில் படவில்லை. வீடுகளும், தென்னந்தோப்புகளும், சாயமும் சாக்கடையும் கலந்து ஓடும் நொய்யலும்தான் உண்டு. எனினும் அந்த மண்ணில் நின்றபோது ஒரு சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

வெள்ளலூரில் கிடைத்த காசுக்கு ரோமானியர் இட்ட பெயர் டினாரியஸ். இந்தச் சொல்தான் கிரேக்கர் வழியாகவும் சிரியா நாட்டு மக்கள் வழியாகவும் அரபகத்துக்குச் சென்று 'தீனார்' ஆயிற்று. ரோமில் வெள்ளிக்காசுக்கு இருந்த பெயர் அரபகத்தில் பொற்காசுக்கு வழங்கலாயிற்று. திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனத்தில், பிறர் நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தருவோரையும் தராதோரையும் பற்றிப் பேசுமிடத்தில் தீனார் என்ற சொல் வருவதை நாம் ஓதியிருக்கிறோம். யூசுப் அத்தியாயத்தில் வரும் திர்ஹமும் கிரேக்கரின் திராக்மா என்ற காசுப் பெயரிலிருந்து பிறந்ததே. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மக்காவின் வணிகர்கள் கையில் புழங்கியவை ரோமப் பேரரசின் பொற்காசுகளும் பாரசீக மன்னர்களின் வெள்ளிக்காசுகளுமே. உருவங்களை நீக்கி எழுத்துகளை மட்டும் பொறித்த தீனாரை ஹிஜ்ரி 77இல் வெளியிட்டவர் உமையாக் கலீபா அப்துல் மலிக். நம் பிள்ளைகள் மத்ரஸாவில் ஓதும் ஒரு சொல்லின் மூதாதை, அந்தச் சொல் அரபகத்தில் வழங்குவதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரை மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது என்பது எவ்வளவு வியப்பானது!

ரோமாபுரிக் காசு கொங்கு நாட்டுக்கு ஏன் வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டை ஒட்டி இயற்கையாகவே ஒரு வாயில் திறந்திருக்கிறது. முசிறித் துறையில் இறங்கிய யவன வணிகரின் பொருளும், அவர் வாங்கிச் சென்ற பொருளும் இந்த வாயில் வழியாகத்தான் வந்து போயின. படியூரில் பச்சை நிறப் பெரில் கற்கள் கிடைத்தன. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்தார்கள், இரும்பை உருக்கினார்கள். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே நடத்திய அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமானிய அறிஞர் பிளினி மனம் நொந்து எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு டினாரியஸுக்குச் சமம். அந்தப் பணத்தில் ஒரு பங்குதான் பொள்ளாச்சியிலும், கத்தாங்கண்ணியிலும், உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூதிநத்தத்திலும் மண்ணுக்குள் போயிற்று. கத்தாங்கண்ணியில் 1913இல் 233 காசுகளும், பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட காசுகளும் வெளிப்பட்டன.

இவற்றை அடையாளம் காண்பது எளிது. கொங்கு நாட்டுக் குவியல்களில் மிகுதியும் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் வெள்ளிக்காசுகளே உள்ளன. காசு நம் பழைய நாலணாவை ஒத்த அளவில், ஏறத்தாழ 18 மில்லி மீட்டர் குறுக்களவும் 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டிருக்கும். முன்புறத்தில் இலைமாலை சூடிய தலை. பின்புறத்தில் ஈட்டிகளையும் கேடயங்களையும் நடுவில் வைத்து இரண்டு இளைஞர்கள் நின்றால் அது அகஸ்டஸ் காசு. அவ்விருவரும் அவருடைய பெயரர்கள். கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருந்தால் அது திபேரியஸ் காசு. கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்துவிட்டான். அதற்குப் பின் வந்தவற்றை நம் வணிகர்கள் அவ்வளவாக விரும்பவில்லை போலும். முன்பு வந்த நல்ல வெள்ளியையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கொங்கு நாட்டார் காசைச் சுண்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் நேற்று ஏற்பட்டதன்று!

இவ்வளவையும் நமக்குச் சொல்வது எது? காசின் வெள்ளி அன்று. எந்த ஊரில், எந்தக் காசோடு எந்தக் காசு சேர்ந்து கிடைத்தது என்ற செய்திதான் சொல்கிறது. பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டளவில் கிடைத்த குவியலில் மிகச் சில காசுகளே அறிஞர் கண்ணில் பட்டன. மற்றவை என்னவாயின என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. உலையில் இட்டால் வெள்ளி வெள்ளியாகிவிடும். யாருடைய கொலுசாகவோ அரைஞாணாகவோ மாறியிருக்கும்.

காங்கேயம் வழியாகக் கரூர் சென்றேன். கரூரில் காசு கிடைத்தது அமராவதி ஆற்றுப்படுகையில். ஆற்று மணலை அலசிச் சலித்து, பொன் துகளும் பழங்காசும் பொறுக்கி விற்று வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கருவி என்று சொல்வதானால் மரத்தட்டும் சல்லடையும்தான். விரல் நகத்தைவிடச் சிறிய செப்புக்காசுகள் அவர்கள் தட்டில் தங்கின. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகள் அவற்றுள் பல. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இத்தகைய காசுகளைத் தேடிச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மன்னனின் தலையுருவமும் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயரும் பொறித்த சேரர் வெள்ளிக்காசு அவ்வாறுதான் உலகுக்குத் தெரியவந்தது. 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்பொறை' என்ற பெயர்களும் காசுகளில் வாசிக்கப்பட்டன. சேரர் என்று ஒரு மரபு இருந்தது என்பதற்குப் பாடல்களையே சான்றாகக் காட்டிவந்த நமக்கு, அவர்களின் பெயரே எழுதிய உலோகம் கையில் கிடைத்தது.

இங்கே நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். மாக்கோதை என்பதில் நான்கே எழுத்துகள். அவை காசின் விளிம்பில் நூலிழை போல மேலெழும்பி நிற்பவை. அந்தக் காசை எடுத்தவர் கரடுமுரடான மணலை வைத்து நான்கு முறை அழுத்தித் தேய்த்திருந்தால் சேர மன்னனின் பெயர் ஆற்றோடு போயிருக்கும். எஞ்சியிருப்பது ஒரு மொட்டை வெள்ளித் துண்டு.

இந்த எண்ணத்தோடுதான் பள்ளபட்டியில் உறவினர் வீடொன்றுக்குச் சென்றேன். வீட்டின் மூத்தவரான பெரியம்மா, தம் மாமனார் காலத்து வெற்றிலைப் பெட்டியிலிருந்து இரண்டு செப்புக்காசுகளை எடுத்துத் தந்தார். "தம்பி, நீங்க ஓதுற ஆளு. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார். ஒரு காசு தங்கம் போலப் பளபளத்தது. "நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் புளி போட்டுத் துலக்கினேன் மாமா" என்று மருமகள் பெருமையோடு சொன்னார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்டா குண்டானைப் புளிபோட்டுத் துலக்கிப் பளிச்சென்று வைப்பதுதானே நம் வீட்டுப் பெண்களின் திறமை! ஆனால் அந்தக் காசில் ஒருபுறம் யானையின் முதுகு வளைவு மட்டும் தெரிந்தது. மறுபுறத்தில் 'ஸர்ப்' என்ற ஒரு சொல்லின் பாதி. ஸர்ப் என்றால் 'அச்சிட்ட இடம்' என்று பொருள். அடுத்து வரவேண்டிய ஊரின் பெயர் வழுவழுவென்று மறைந்துவிட்டிருந்தது.

இது மைசூர் வேங்கை திப்பு சுல்தானின் செப்புக்காசு. கோவை, ஈரோடு, கரூர் பகுதிகள் 1799ஆம் ஆண்டு வரை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியோடு பின்னிக் கிடந்தவை. ஆகவே கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் இந்த யானைக்காசு அகப்படுவது இயல்பு. திப்பு தம் காசுகளுக்குச் சூட்டிய பெயர்கள் நம் வாசகர்களுக்குச் சுவையானவை. பொற்காசுகளில் அஹ்மதீ என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெயராலும், ஸித்தீக்கீ அபூபக்கர் (ரலி) அவர்களின் பெயராலும், ஃபாரூக்கீ உமர் (ரலி) அவர்களின் பெயராலும் வந்தவை. இரட்டைப் பைசா உதுமான் (ரலி) அவர்களின் பெயரால் உதுமானீ. இரட்டை ரூபாய் அலி (ரலி) அவர்களின் பெயரால் ஹைதரீ. பைசாவுக்கு ஸுஹ்ரா, அரைப் பைசாவுக்குப் பஹ்ராம், கால் பைசாவுக்கு அக்தர், அரைக்கால் பைசாவுக்குக் குத்பு. இவை விண்மீன்களின், கோள்களின் பெயர்கள். காசிலும் வானத்தைக் கண்ட அரசர் அவர்!

திப்புவின் காசில் ஆண்டை வாசிப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. முதல் நான்கு ஆண்டுகளில் ஹிஜ்ரி 1197 முதல் 1200 வரையான எண்கள் வரும். பிறகு அவர் 'மவ்லூதி' என்ற புதிய ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தினார். அது 1215இல், அதாவது கி.பி. 1787இல் காசில் தொடங்கி, அவர் ஷஹீதான 1799இல் 1227ஆக முடிகிறது. இந்தக் கணக்கிலான எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அரபி எண் தெரிந்த மத்ரஸா மாணவன் வழக்கம்போல வாசித்தால் 1215 என்பது 5121 என்று வரும். 'ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய காசு' என்று சிலர் வாய் பிளப்பது இதனால்தான்.

பெரியம்மாவின் இரண்டாவது காசு பெட்டியின் அடியில் ஒட்டிக் கிடந்ததால் புளிக்குத் தப்பியது. கரும்பச்சையாக இருந்த அதனைச் சன்னல் ஓரத்தில் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தபோது யானை முழுதாகத் தெரிந்தது. 1223 என்ற ஆண்டும், மறுபுறத்தில் 'பட்டன்', 'ஸுஹ்ரா' என்ற சொற்களும் தெளிவாக இருந்தன. பட்டன் என்பது ஸ்ரீரங்கப்பட்டணம். 1795ஐ ஒட்டி அங்கே அச்சான ஒரு பைசா காவிரியைத் தொடர்ந்து வந்து இந்த வெற்றிலைப் பெட்டியில் தங்கியிருக்கிறது. "விலை போகுமா தம்பி?" என்று கேட்டார் பெரியம்மா. இந்த வகைக் காசு ஏராளமாகக் கிடைப்பதால் பெரிய விலை இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. "அப்ப வீட்டுலயே இருக்கட்டும்" என்று மூடி வைத்தார்.

அரபி எழுத்து இருப்பதனாலேயே சில காசுகளைத் தபர்ருக் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வோரும் உண்டு. 1803, 1808 ஆகிய ஆண்டுகளின் கிழக்கிந்தியக் கம்பெனிச் செப்புக்காசில் அழகிய பாரசீக எழுத்து இருக்கிறது. அதன் பொருள் 'இருபது காசு நான்கு பலூஸ் ஆகும்' என்பதுதான். சென்னையிலிருந்த கம்பெனியாரின் வாய்பாட்டுக் கணக்கு! அதனைத் தாயத்தில் வைத்துக் கட்டுவதில் பயன் ஏதுமில்லை.

இதனினும் கேடான ஒன்று, 'அரிசியை இழுக்கும் காசு', 'இரிடியம் கலசம்' என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம். கடவுள் உருவத்தோடு கம்பெனியின் பெயரும் 1616, 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்த வில்லைகளை அவர்கள் காட்டுவார்கள். கம்பெனி அத்தகைய காசுகளை வெளியிட்டதே இல்லை. அரிசி நகர்வது இரும்புத் தூளும் காந்தமும் செய்யும் வித்தை. நிலத்தை விற்று இவர்களிடம் கொடுத்து ஏமாந்த குடும்பங்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம்.

இனி, வீட்டிலோ தோட்டத்திலோ பழங்காசு கிடைத்தால் அதனைப் பேணும் முறையைச் சொல்கிறேன். முதலாவது, துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, அடுப்புச் சாம்பல், பித்தளை துலக்கும் பொடி, பற்பசை ஆகிய எதுவும் ஆகாது. செம்பின் மேல் படிந்த கரும்பச்சைப் படலம் அழுக்கன்று. உலோகமே காற்றோடும் மண்ணோடும் சேர்ந்து நூற்றாண்டுகளாகப் போர்த்துக்கொண்ட போர்வை அது. காசின் எழுத்து பெரும்பாலும் அந்தப் போர்வையில்தான் தங்கியிருக்கிறது. அதனை உரித்தால் எழுத்தும் உடன் வந்துவிடும். வெள்ளியின் மேலுள்ள கருமையும் அவ்வாறே. பொன் ஒன்றுதான் மண்ணால் மாறாதது. அதற்கும் தேய்ப்பு ஆகாது. எடை 0.4 கிராம்கூட இல்லாத, துவரம் பருப்பை ஒத்த வீரராயன் பணம் என்னும் பொற்காசுகள் கொங்கு நாட்டிலும் மலையாளத்திலும் கிடைக்கின்றன. விரலால் அழுத்தித் தேய்த்தாலே வளைந்துவிடும் அவ்வளவு மெல்லியவை அவை.

மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வாலைநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை அதில் இட்டு வையுங்கள். குழாய் நீரில் உப்பும் குளோரினும் இருப்பதால் அது வேண்டாம். நாளுக்கொரு முறை நீரை மாற்றினால் மண் தானாக இளகும். பின்னர் மூங்கில் குச்சியின் முனையை நசுக்கி மென்மையாக்கி, மண்ணை மட்டும் மெல்ல நீக்கலாம். இளகாத மண்ணை அப்படியே விட்டுவிடுவது நல்லது. காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் பிரிக்கவே கூடாது. அவை எந்த முறையில் அடுக்கப்பட்டன, துணியில் முடியப்பட்டனவா என்பதை அந்தக் கட்டியே சொல்லும். நீரிலிருந்து எடுத்ததும் பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். தொடும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். விரலின் வியர்வையிலுள்ள உப்பு செம்பை அரிக்கும்.

செப்புக்காசில் வெளிறிய பச்சை நிறத்தில் மாவு போன்ற பொடி தோன்றினால் அது வேறு. அது களிம்பு நோய். மண்ணின் உப்பிலிருந்து செம்புக்குள் புகுந்த குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டவுடன் வேலை செய்து காசை உள்ளிருந்தே தின்னும். துடைத்தால் போகும், மழைக்காலத்தில் மீண்டும் வரும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் உலர்வாக வைத்து, அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகங்களைப் பேணுவதற்கென்றே 1930இலேயே வேதியியல் கூடம் ஏற்படுத்தப்பட்டது. கோவை, ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன.

வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். வளவளப்பான மலிவு பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அமிலம் கக்கிக் காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். வெள்ளைக் காகித உறையில் ஒவ்வொரு காசையும் தனித்தனியே இடுங்கள். நகைக்கடை மின்தராசில் எடை பார்த்து, எங்கே கிடைத்தது, எப்போது, எவ்வளவு ஆழத்தில், உடன் என்ன இருந்தது, யார் எடுத்தார் என்பவற்றை உறையின் மேல் முதலில் எழுதிவிட்டுப் பின்னர் காசை இடுங்கள். பானை இருந்தால் உடைந்த ஓட்டையும் எறியாதீர்கள். ஓட்டை போட்டுக் காசுமாலையில் கோப்பதும் பதக்கமாக ஒட்டவைப்பதும் காசைக் கொல்வதற்கு ஒப்பாகும். சில ரோமானியப் பொற்காசுகளில் அரசனின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு ஒன்று இருக்கும். புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பலவற்றில் அது உண்டு. அது பழங்காலத்தார் இட்ட வெட்டு. பழுது என்று எண்ணித் தட்டான் கையில் கொடுத்து அடைத்துவிட வேண்டாம்.

இப்போது மண்ணுக்குள் உலோகத்தைக் காட்டும் கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. இளைஞர் சிலர் அதனை வாங்கிக்கொண்டு பழைய மேடுகளில் அலைவதாகக் கேள்விப்படுகிறேன். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மற்ற இடங்களில் கிடைப்பதற்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் உண்டு. மண்ணில் மறைந்து கிடந்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் அதன் தன்மை, அளவு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து மூலமாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அரசு பிடுங்கிக்கொள்ளும் என்று அஞ்சி மறைப்போர் இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. உரிமையாளர் எவரும் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் உண்டு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரவேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் வாய்க்கும். பாட்டியின் பெட்டியில் வழிவழியாக வந்த காசு புதையல் அன்று. அதற்கு இந்த அச்சம் வேண்டாம். ஆனால் நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் மார்க்கச் சட்ட நூல்களிலும் இதற்கு ஒரு பாடமே உண்டு. பழங்காலத்தார் புதைத்த 'ரிகாஸ்' என்னும் புதையலில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு உரியது. வழியில் தவறவிட்ட 'லுக்தா' என்னும் பொருளையோ ஓராண்டுக் காலம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவு இரு சட்டங்களிலும் எதிரெதிர்த் திசையில் வருவது என் கவனத்தைக் கவர்ந்தது. மத்ஹபுகளிடையே நுணுக்க வேறுபாடுகள் இருப்பதால், புதையல் கிடைத்தவர்கள் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம்.

கருவியை நேர்மையாகப் பயன்படுத்தினால் என்ன விளையும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்னி என்ற சிற்றூரில் விவசாயி ஒருவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித்தர எரிக் லாஸ் என்ற நண்பர் உலோகம் காட்டும் கருவியோடு வந்தார். சுத்தியலுக்குப் பதிலாகப் பொன்னும் வெள்ளியும் வெளிவரத் தொடங்கின. அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பினார். தொல்லியலார் வந்து, மட்கிய மரப்பெட்டிக்குள் எந்தப் பொருள் எந்த மூலையில் இருந்தது என்பதைக்கூடக் குறித்துக்கொண்டு எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள்! பரிசாக அளிக்கப்பட்ட 17.5 லட்சம் பவுனை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். பின்னர் அகப்பட்ட சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளலூரில் 1842இல் அவ்வாறு நின்று குறித்துக்கொள்வார் இருந்திருந்தால், இத்தனை வெள்ளியை அங்கே புதைத்தவர் வணிகரா, சிற்றரசரா, எதற்கு அஞ்சிப் புதைத்தார் என்பதையும் ஒருவேளை அறிந்திருப்போம்.

பயணத்தின் கடைசி நாளில் சத்தியமங்கலம் சென்றேன். திப்புவின் நாணயச் சாலைகளின் பட்டியலில் 'சலாமாபாத்' என்றொரு பெயர் வருகிறது. அது பவானி ஆற்றங்கரையிலுள்ள இந்தச் சத்தியமங்கலமே என்று நாணய நூல்கள் கொள்கின்றன. 1790இல் திப்புவின் படைக்கும் கம்பெனிப் படைக்கும் இங்கே போர் நடந்தது. காசு அடித்த சாலை எங்கே இருந்தது என்று நகைக்கடை வீதியிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் விசாரித்தேன். அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை.

ஆகையால் சத்தியமங்கலம், கோபி, பவானி, அந்தியூர்ப் பகுதி வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யானைக்காசு இருந்தால் துலக்காமல், சாய்ந்த வெயிலில் பிடித்து மறுபுறத்தை வாசித்துப் பாருங்கள். 'ஸர்ப்' என்ற சொல்லோடு ஸீன், லாம், அலிஃப், மீம் என்ற எழுத்துகள் தொடர்ந்து வந்தால் அதனைப் படம் எடுத்து, எடையும் கிடைத்த விவரமும் எழுதி, ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.